டேப்லெட்டைச் சோதித்துப் பார்ப்பது எப்படி: சேலத்து வெயிலிலும் ஏற்காட்டு மேட்டிலும்

டேப் வாங்கப் போகிறேன், எது நல்லது என்று கேட்பவர்கள் கையோடு ஒரு ஸ்கிரீன்ஷாட்டையும் அனுப்பிவிடுகிறார்கள். எட்டு கோர், 11 அங்குலம், 8000 எம்ஏஎச், 90 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக இருக்கும், கீழே பழைய விலையை அடித்துப் புது விலை போட்டிருக்கும். அதை மட்டும் பார்த்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. அந்த எண்கள் எல்லாம் புத்தம் புது டேப் அதன் நல்ல நேரத்தில் காட்டுபவை. நாம் அதை வைத்திருக்கப் போவதோ சேலத்தில், மே மாத மதியம், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில். இல்லையென்றால் ஏற்காட்டில் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, சிக்னல் ஒரு கோடு வந்து போகும் இடத்தில். அதனால் டேப் எவ்வளவு வேகமாக ஓடும் என்று பார்ப்பதைவிட எங்கே தடுமாறும் என்று தேடுவதுதான் வேலை. வாங்குவதற்கு முன் கடையில் கொஞ்சம், வாங்கிய பிறகு ரிட்டர்ன் நாளோ மாற்றித் தரும் நாளோ முடிவதற்குள் மீதி.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி: யாருக்கு, எதற்கு? என் அக்கா மகள் நீட்டுக்குப் படிக்கிறாள், அவளுக்கு வேண்டியது பிடிஎஃப்பும் வீடியோ வகுப்பும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்யும் நண்பருக்கு டிசைன் படங்களைப் பளிச்சென்று வாடிக்கையாளரிடம் காட்ட வேண்டும், நாள் முழுக்க ஸ்கிரீன் எரிந்துகொண்டே இருக்கும். பெரியப்பா மகன் நாகலூர் பக்கம் காப்பி எஸ்டேட் பார்த்துக்கொள்கிறார், பழம் பறிக்கும் சீசனில் மாலையில் எடை போடும்போது ஆள்வாரியாகக் கிலோ கணக்கைப் பதிய வேண்டும். மூன்று பேரும் ஒரே டேப்பை வாங்கினால் இரண்டு பேராவது திட்டுவார்கள், அதுவும் என்னை.

அளவும் எழுத்தும்

படிப்புக்கு என்றால் முதலில் ஸ்கேல் எடுங்கள். ஏ4 பக்கத்தின் அகலம் 21 செ.மீ. 8.7 அங்குல டேப்பை நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் 11 செ.மீ. சொச்சம்தான், அதாவது பக்கம் பாதி அளவுக்குச் சுருங்கிவிடும், ஒவ்வொரு பத்திக்கும் விரலால் பெரிதாக்கி நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். 11 அங்குலம், 16-க்கு 10 என்ற விகிதத்தில் வரும் ஆண்ட்ராய்டு டேப்பில் அகலம் 15 செ.மீ.க்கு ஒரு நூல் குறைவு. 10.9 அங்குல ஐபேடில் கிட்டத்தட்ட 16, காரணம் அது கொஞ்சம் சதுரமான வடிவம். அங்குலக் கணக்கில் ஐபேடு சின்னதாகத் தெரிந்தாலும் பக்கம் பெரிதாகத் தெரிவது அதில்தான். சினிமா பார்க்க மட்டும் என்றால் இதுவே தலைகீழ், நீளமான ஆண்ட்ராய்டு திரையில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை குறையும்.

அடுத்தது புள்ளி அடர்த்தி. கணக்கு சுலபம்: திரையின் இரண்டு பக்கப் புள்ளி எண்ணிக்கையையும் தனித்தனியாக வர்க்கம் எடுத்துக் கூட்டுங்கள், வர்க்கமூலம் எடுங்கள், அங்குலத்தால் வகுங்கள். 1280×800 உள்ள 10.1 அங்குலத் திரையில் அங்குலத்துக்கு 149 புள்ளி வரும். 1920×1200 உள்ள 11 அங்குலத்தில் 206. பெட்டியில் இரண்டுக்கும் 'எச்டி' என்றே போட்டிருக்கலாம். ஆனால் தமிழ் படிக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே உறைக்கும், சின்ன எழுத்தில் ண-வின் சுழியும் ன-வின் சுழியும் ஒன்றுபோலக் குழையும், மெய்யெழுத்தின் புள்ளி மேல் வரியோடு ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று வாங்கி வராதீர்கள். பாடநூல் கழகத்தின் பிளஸ் 2 உயிரியல் பிடிஎஃப் இணையத்தில் இலவசம், கடை டெமோ பீஸிலேயே இறக்கி, படமும் அட்டவணையும் உள்ள ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

கடையில் நின்றபடி

ஐந்து ரோடு பக்கமோ பழைய பஸ் ஸ்டாண்டு பக்கமோ, எந்தக் கடையாக இருந்தாலும் டெமோ பீஸ் கம்பி கட்டி, பளீர் விளக்கின் கீழ் இருக்கும், அதில் கடைக்கான வீடியோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அந்த வீடியோவை நிறுத்துங்கள். எந்தத் திரையையும் அழகாகக் காட்டவென்றே எடுத்தது அது.

செட்டிங்ஸில் டேப்பைப் பற்றிய பகுதிக்குப் போய், பில்ட் நம்பர் என்ற வரியை 7 தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும் (சில கம்பெனிகளில் அந்த வரி கொஞ்சம் உள்ளே ஒளிந்திருக்கும்). அதில் பாயின்டர் லொகேஷன் என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு விரலால் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு மெதுவாகக் குறுக்குக் கோடு இழுங்கள். கோடு நேராக வந்தால் சரி, படிக்கட்டு மாதிரி நெளிந்தாலோ நடுவில் அறுந்தாலோ அந்தத் தொடுதிரை சுமார், அதில் ஸ்டைலஸ் (திரையில் எழுதும் பேனா) வைத்து எழுதுவது எரிச்சலில் முடியும். விளிம்பை ஒட்டியும் ஒரு சுற்று வாருங்கள். அப்புறம் ஐந்து விரலையும் சேர்த்து வையுங்கள், எத்தனை விரலை அது உணர்கிறது என்று மேலே எண்ணாகவே காட்டும். கடைப் பையன் ஒரு மாதிரி பார்ப்பான், பரவாயில்லை. முடிந்ததும் அணைத்து வையுங்கள், இல்லையென்றால் அடுத்து வருகிறவர் திரையில் கோடு விழுகிறது என்று பயந்துவிடுவார்.

வெளிச்சத்தை முழுக்க வைத்துக் கடை வாசல் வரை கொண்டுவரக் கேளுங்கள், கம்பி நீளும் வரைக்குமாவது. விலை குறைந்த டேப்புகளின் திரை வெளிச்சம் பெரும்பாலும் 400 நிட்ஸை (வெளிச்சத்தை அளக்கும் அலகு) ஒட்டியே இருக்கும். வீட்டுக்குள் தாராளம், மத்தியான வெயிலில் உங்கள் முகம்தான் தெரியும். கொலுசுக் கடை நண்பருக்கு இது பிரச்சினையே இல்லை. எஸ்டேட்காரருக்கு இதுவே முதல் பிரச்சினை.

வெள்ளைப் படம் ஒன்று, கறுப்புப் படம் ஒன்று திறந்து செத்த புள்ளி இருக்கிறதா, ஓரத்தில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். இதை நீங்கள் வாங்கப்போகும் பெட்டியைப் பிரித்தபின் செய்ய வேண்டும், டெமோ பீஸில் செய்து பயனில்லை.

ஓடிடி பார்ப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. வைட்வைன் என்று ஒரு பூட்டு முறை இருக்கிறது, அதில் எல்1, எல்3 என்று நிலைகள். எல்3 மட்டும் உள்ள டேப்பில் நெட்ஃபிளிக்ஸ் போன்றவை 480பி என்ற மங்கலான அளவுக்கு மேல் தராது, திரை எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் சரி, மாதச் சந்தா எவ்வளவு கட்டினாலும் சரி. டிஆர்எம் இன்ஃபோ என்ற சின்ன ஆப்பை ஏற்றினால் உடனே தெரியும். பெட்டியில் இதை அச்சடிப்பவர்கள் குறைவு, விற்பவரிடம் கேட்டால் "எல்லாமே வரும் சார்" என்பார்.

வேகம், அதுவும் வெயிலில்

பிராசஸர் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம். கீக்பெஞ்ச் 6 என்ற ஆப்பை ஓட்டினால் இரண்டு எண் வரும், ஒற்றைக் கோருக்கு (பிராசஸருக்குள் வேலை செய்யும் ஒரு பகுதி) ஒன்று, எல்லாக் கோருக்கும் சேர்த்து ஒன்று. 2500 என்பது இன்டெல் கோர் ஐ7-12700 உள்ள மேசைக் கம்ப்யூட்டருக்கு வைத்த அளவுகோல். ஹீலியோ ஜி99 பிராசஸர் உள்ள டேப்புகள் ஒற்றைக் கோரில் 700-ஐ ஒட்டி வரும், அதற்கும் கீழான யுனிசாக் வகைகள் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஒரு பக்கத்தைத் திறப்பது, பட்டனை அமுக்கியதும் அசைவது எல்லாம் ஒற்றைக் கோர் எண்ணைப் பொறுத்தது, ஆகவே எட்டு கோர் என்ற விளம்பரத்தைவிட அதைப் பாருங்கள். அன்டுட்டு என்ற இன்னொரு வேகச் சோதனை ஆப்பின் எண்ணை வைத்து ஒப்பிடுகிறவர்கள் இரண்டும் ஒரே பதிப்பில் எடுத்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பதிப்பு மாறினால் எண்களுக்குள் சம்பந்தமே இருக்காது.

ஆனால் இந்த எண்கள் ஓரிரு நிமிட ஓட்டத்துக்கானவை. நம் ஊருக்கு வேண்டியது 3டிமார்க் ஆப்பில் இருக்கும் வைல்ட் லைஃப் ஸ்ட்ரெஸ் டெஸ்ட். ஒரே காட்சியை நிமிடத்துக்கு ஒன்றாக 20 தடவை திரும்பத் திரும்ப ஓட்டி, முதல் ஓட்டத்தில் எவ்வளவு, கடைசியில் எவ்வளவு என்று கோடு போட்டுக் காட்டும், கூடவே ஒரு சதவீதமும் தரும். இதை மதியம் இரண்டு மணிக்கு, ஏசி இல்லாமல், ஃபேன் மட்டும் ஓடும் அறையில், நீங்கள் போடப்போகும் அதே கவரோடு ஓட்டுங்கள். தடித்த ரப்பர் கவர் சூட்டை வெளியே விடாது, அது தரும் விடை வேறு. 90 சதவீதத்துக்கு மேல் நின்றால் நல்ல டேப். 70-க்குக் கீழே இறங்கினால் கேம் ஆடும் பையனுக்கு வாங்காதீர்கள், பாடம் படிக்கிறவருக்கு அது பெரிய குறை இல்லை. இதே சோதனையை டிசம்பரில் ஏற்காட்டில் ஓட்டினால் நல்ல மார்க் வரும், சேலத்துக்காரருக்கு அந்த மார்க் எதற்கு?

சூடு என்றதும் விலை உயர்ந்தது தாங்கும் என்று நினைக்க வேண்டாம். ஐபேடைச் சுற்றியுள்ள வெப்பம் 0 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்று ஆப்பிளே சொல்கிறது. சேலத்தில் கோடையில் 40-ஐத் தொடும் நாட்கள் உண்டு. அளவு மீறிச் சூடானால் திரை தானாக மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும் அல்லது மெதுவாகும். அது பழுதில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்வது. காரில் டேஷ்போர்டு மேல் வைத்துவிட்டுக் கல்யாண மண்டபத்துக்குள் போய்விட்டு வந்தால் எந்தக் கம்பெனி டேப்பாக இருந்தாலும் கோபித்துக்கொள்ளும்.

ராம் விஷயத்தில் 4 ஜிபிக்குக் கீழே இன்று வாங்கவே வேண்டாம், முடிந்தால் 6. '4 பிளஸ் 4' என்று போட்டிருப்பதில் இரண்டாவது 4 உண்மையான ராம் இல்லை, ஸ்டோரேஜில் ஒரு பகுதியை ராம் மாதிரி வைத்துக்கொள்வது. அடுப்பங்கரை மேடையில் இடம் போதாமல் பாத்திரத்தைப் பரணில் வைப்பது போலத்தான் அது, இருக்கும், ஆனால் எடுக்க நேரமாகும். சோதிக்க ஆப் எதுவும் வேண்டாம். பெரிய பிடிஎஃப்பைத் திறந்து 200-ஆம் பக்கத்துக்குப் போங்கள், அப்படியே வெளியே வந்து ஒரு யூடியூப் வீடியோ, பிறகு கேமராவில் ஒரு படம், பிறகு குரோமில் நான்கைந்து பக்கம். இப்போது பிடிஎஃப்புக்குத் திரும்புங்கள். அதே 200-ஆம் பக்கத்தில் நின்றால் நல்லது. மறுபடி முதலிலிருந்து ஏற்றினால் வகுப்பையும் நோட்ஸையும் மாற்றி மாற்றிப் பார்க்கும் பிள்ளைக்குத் தினமும் இதே கதைதான்.

ஸ்டோரேஜில் அளவை மட்டும் பார்க்கிறோம், வகையைப் பார்ப்பதில்லை. இஎம்எம்சி என்றால் மெதுவானது, நொடிக்கு 250-300 எம்பி வரை படிக்கும். யூஎஃப்எஸ் 2.2 என்றால் ஏறக்குறைய 1000. புதிதாக இருக்கும்போது பெரிய வித்தியாசம் தெரியாது, முக்கால்வாசி நிரம்பிய பின் இஎம்எம்சி டேப் ஆப் அப்டேட் ஆகும் நேரத்தில் அப்படியே உறைந்து நிற்கும். அதனால் வாங்கிய வாரமே அதை வேண்டுமென்றே நிரப்பிப் பாருங்கள், போனில் இருக்கும் பழைய வீடியோக்களையெல்லாம் ஏற்றி முக்கால் பங்கு நிறைத்துவிட்டு, பிளே ஸ்டோரில் எல்லா ஆப்பையும் அப்டேட் கொடுத்துவிட்டு, அந்த நேரத்தில் கீபோர்டில் தமிழில் இரண்டு வரி அடியுங்கள். எழுத்து விரலுக்குப் பின்னாலேயே வருகிறதா, நின்று மொத்தமாக வந்து விழுகிறதா என்று அப்போது தெரியும். 64 ஜிபியில் சிஸ்டமே ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பேட்டரிக்கு எம்ஏஎச் போதாது, வாட்-அவர் கணக்குப் போடுங்கள். 8000-ஐ 3.85 வோல்ட்டால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 30.8 வாட்-அவர். பெட்டியில் 15 வாட் சார்ஜர் இருந்தால் ஏட்டுக்கணக்கில் இரண்டு மணி நேரம், நிஜத்தில் கடைசி 20 சதவீதம் நத்தை வேகம் என்பதால் இரண்டரை மூன்று ஆகும். 10 வாட் சார்ஜர் என்றால் ராத்திரிதான். சோதனைக்கு, இறக்கி வைத்த ஒரு வீடியோவை பாதி வெளிச்சத்தில் சரியாக ஒரு மணி நேரம் ஓட்டுங்கள், 10 சதவீதம் குறைந்தால் பத்து மணி நேரம் வரும். ராத்திரி வைஃபை போட்டபடி வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள், இரண்டு மூன்று சதவீதம் போனால் சகஜம், பத்து போனால் ஏதோ ஒரு ஆப் உள்ளே தூங்காமல் இருக்கிறது. மின்வாரியத்தின் மாதாந்திர பராமரிப்பு நாள் இதற்கு அருமையான பரீட்சை, காலை 9 மணிக்குக் கரண்ட் போனதிலிருந்து போன் ஹாட்ஸ்பாட்டில் வகுப்பைப் போட்டுவிட்டு எதுவரை தாக்குப்பிடிக்கிறது என்று பாருங்கள்.

மலைமேல்

அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவு ஏறியதும் டேப்பின் வேறு குறைகள் வெளியே வரும். வைஃபை மட்டும் உள்ள டேப்பை எடுத்துப் போனால் போன் ஹாட்ஸ்பாட்தான் கதி, போனும் டேப்பும் சேர்ந்து பேட்டரி குடிக்கும். எஸ்டேட் வேலைக்கு சிம் போடும் மாடல்தான் சரி, ஆனால் சிம் ஓட்டை இருந்தால் மட்டும் போதாது, அலைவரிசையைப் பாருங்கள். ஜியோவின் 4ஜி பேண்ட் 3, 5, 40 ஆகியவற்றில் வருகிறது. இதில் பேண்ட் 5 என்பது 850 மெகாஹெர்ட்ஸ், சரிவையும் மரத்தையும் தாண்டி வருவதில் அதுதான் கெட்டிக்காரன். 2300-ல் இருக்கும் பேண்ட் 40 வேகம் தரும், ஆனால் தூரம் போகாது. பிஎஸ்என்எல் 4ஜிக்கு 700 மெகாஹெர்ட்ஸ் பேண்ட் 28 வேண்டும். வெளிநாட்டிலிருந்து மச்சான் வாங்கி வந்த டேப்பில் இவற்றில் ஒன்றிரண்டு இல்லாமல் போகலாம், டவுனில் ஒழுங்காக வேலை செய்யும், மஞ்சக்குட்டைப் பக்கம் போனதும் கையை விரிக்கும்.

கோடுகளை எண்ணாதீர்கள், ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குக் கோடு காட்டும். செட்டிங்ஸில் சிம் ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் சிக்னல் அளவு மைனஸ் எண்ணாக இருக்கும். மைனஸ் 85 என்றால் தாராளம், மைனஸ் 110-ஐத் தாண்டினால் இழுபறி, 120 வந்தால் அறுந்துவிடும். டேப்பையும் அதே கம்பெனி சிம் உள்ள போனையும் ஒரே இடத்தில் வைத்து ஒப்பிடுங்கள், இரண்டுக்கும் நடுவில் 10-க்கு மேல் வித்தியாசம் நிலையாக இருந்தால் டேப்பின் ஆன்டெனா சுமார்.

ஜிபிஎஸ்ஸில் ஒரு பெரிய பொறி இருக்கிறது: வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ்ஸே கிடையாது, சிம் மாடலில்தான் உண்டு. விலை குறைந்த ஆண்ட்ராய்டு சிலவற்றிலும் இதே நிலை. ஜிபிஎஸ்டெஸ்ட் ஆப்பைத் திறந்து வெட்டவெளியில் எத்தனை நொடியில் இடத்தைப் பிடிக்கிறது என்று பாருங்கள், பிறகு காப்பிச் செடிக்கு நிழல் தரும் மரங்களுக்குள் நடந்து போய் அதே சோதனை. மேப்பைத் திறந்து நின்ற இடத்திலேயே ஒரு சுற்று சுற்றுங்கள், அம்பு கூடவே திரும்பாவிட்டால் உள்ளே காந்த உணரி இல்லை. எடைக் கணக்கைக் கூகுள் ஷீட்டில் பதிகிறவர்கள் அந்த ஃபைலைக் கீழே சிக்னல் உள்ள இடத்திலேயே ஆஃப்லைனுக்குக் கொடுத்து வையுங்கள், ஏரோப்ளேன் மோடில் போட்டு நாலு வரி பதிந்து, திரும்ப நெட் வந்ததும் அது மேலே ஏறுகிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டால் சீசனில் நிம்மதி.

பனிமூட்டம் இறங்கும் நேரத்தில் ஈரக்கையோடு தொட்டுப் பாருங்கள். எல்லாத் தொடுதிரையும் கொஞ்சம் திணறும், சிலது தானாகவே ஆப்பைத் திறந்து மூடும். கையில் ஒரு கைக்குட்டையும், பேனா மாதிரி தட்டு முனை வைத்த சாதா ஸ்டைலஸும் இருந்தால் சமாளிக்கலாம், அந்த வகை எந்த டேப்பிலும் வேலை செய்யும். உள்ளங்கையை ஊன்றி நோட்ஸ் எழுத வேண்டுமென்றால் அது போதாது, டேப்போடு பேசும் ஆக்டிவ் ஸ்டைலஸ் வேண்டும், அது அந்தந்த மாடலுக்கு ஏற்றதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

மற்றவை

ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்து, ஃபேனையும் முழு வேகத்தில் வைத்து, ஆசிரியர் பேசும் வீடியோவைக் கேளுங்கள், பாட்டு வேண்டாம், பேச்சில்தான் பிசிறு தெரியும். கேமராவுக்கு ரசீது ஒன்றை ட்யூப்லைட் வெளிச்சத்தில் படம் எடுத்து எண்கள் படிக்க வருகிறதா என்று பார்த்தால் போதும். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த வேர்டு ஃபைல்கள் ஆபீஸில் இருந்தால் அவை எந்த டேப்பிலும் குப்பையாகத்தான் தெரியும், டேப்பைக் குறை சொல்லாமல் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

செட்டிங்ஸில் செக்யூரிட்டி பேட்ச் (பாதுகாப்பு அப்டேட்) தேதியைப் பாருங்கள். புதிதாகப் பிரித்த டேப் எல்லா அப்டேட்டும் ஏற்றிய பிறகும் ஒரு வருடம் பழைய தேதியைக் காட்டினால் அந்தக் கம்பெனி அதைக் கைவிட்டுவிட்டது என்று அர்த்தம், வங்கி ஆப் வைத்திருப்பவர்கள் அதைத் தொட வேண்டாம். கடையில் வாங்கினால் ரிட்டர்ன் பெரும்பாலும் கிடையாது, பழுது வந்தால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதை வாயால் கேட்காமல் பில்லில் எழுதி வாங்குங்கள், அந்தக் கம்பெனிக்கு சேலத்திலேயே சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

செகண்ட் ஹேண்ட் என்றால் விற்கிறவர் உங்கள் முன்னாலேயே தன் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கை நீக்கி ஃபேக்டரி ரீசெட் செய்து தர வேண்டும், பிறகு தொடக்கத் திரையில் பழைய கணக்கின் பாஸ்வேர்டு கேட்கிறதா என்று பாருங்கள், கேட்டால் பணத்தைக் கொடுக்காதீர்கள். சிம் மாடலாக இருந்தால் அதன் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (அந்த ஒரு டேப்புக்கே உரிய அடையாள எண்) செட்டிங்ஸிலும் பெட்டியிலும் ஒப்பிட்டுவிட்டு, கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்தை அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். பதிலில் வரும் கம்பெனியும் மாடலும் கையில் இருப்பதோடு ஒத்துப்போனால் மேற்கொண்டு விலை பேசலாம்.